ஆடிட்டு நாள் ஆயா

ஏனுங் அம்மிணி, புள்ளைய இக்கட்டால என்ற மடீல குடுங்க. கம்பியப் புடிப்பீங்களா, பையைப் புடிப்பீங்களா, புள்ளையப் புடிப்பீங்களா? தாராபுரத்துல நீங்க ஏறுனதுல இருந்து பாக்கறேன், டிரைவரு பிரேக்கு போடறப்பெல்லாம் புள்ள தலை கம்பீல முட்டப் பாக்குது. குடுங்க, குடுங்க. நானொண்ணும் புள்ள புடிக்கறவ இல்லீங்க. முகூர்த்த நாளு, ஞாயித்துக்கெழமை வேற, பஸ்ஸு இப்படித்தான் இருக்கும்.

அட, வந்த ஒடனே சாஞ்சுக்கிச்சு பாருங்க. என்ற மடி அப்படிங்க, எந்தப் புள்ளையும் அழுவாது. நமக்கு அதுதானுங்க வேலையே. நானு காப்பகத்து ஆயாங்க. திருப்பூருல, எக்ஸ்போர்ட்டு பனியன் கம்பெனீல. கார்டு கூட இருக்குது, கழுத்துல தொங்க உடறது. போட்டோ, துளசிமணின்னு பேரு, அதுக்குக் கீழ குழந்தைகள் காப்பகம்னு போட்டிருக்கும். இன்னிக்கு எடுத்தாரலீங்க. கார்டு மேனேஜருகிட்ட இருக்குது. வேணுங்கற அன்னிக்குக் குடுப்பாரு, பொழுதோட வாங்கி வெச்சுக்குவாரு.

தெனமும் இல்லீங்க. தெனமும் நானு செக்கிங். துணீல ஓட்டை இருக்குதா, தையல் உட்டிருக்குதா, கறை இருக்குதான்னு பாத்துத் தள்ளறது. ஆடிட்டு வர்ற அன்னிக்குத்தான் ஆயா. ஆடிட்டுன்னா தெரியுமுங்களா? நம்ம தெக்கற துணிய வாங்கறானில்லீங்க, வெளிநாட்டுக் கடைக்காரன், அவனுக்கு ஒரு சந்தேகம். இந்தத் துணிய யாரு தெச்சா, சின்னப் புள்ளைகளத் தெக்க உட்டாங்களா, பொம்பளைகளுக்குக் கக்கூசு இருக்குதா, புள்ளத்தாச்சிக்கு லீவு இருக்குதா. அதையெல்லாம் பாத்துட்டு வரச் சொல்லி ஆளு அனுப்புவான். நல்லதுதானுங்க, நானு தப்பே சொல்லமாட்டேன். அவன் வர்றதுனாலதான் எங்க கக்கூசுக்குத் தாப்பாளே வந்துச்சு.

அவங்க கேக்கறதுல காப்பகமும் ஒண்ணு. இத்தனை பொம்பளைக வேலை செஞ்சா, அவங்க புள்ளைகளப் பாத்துக்க ஒரு ரூமு வேணும், தொட்டிலு வேணும், ஆயா வேணும். எங்க கம்பெனீல இருக்குதுங்க. இல்லைன்னு எவளாச்சும் சொன்னா அவ நாக்கு அழுகிப் போகும். மாடீல, காத்தும் வெளிச்சமுமா நெம்ப நல்ல ரூமு. செவுத்துல மொசலு, மயிலு, அ, ஆ எல்லாம் வரைஞ்சிருக்கும். மத்த நாள்ல அங்க அயர்ன் பண்ணுவாங்க. டேபிளச் செவுத்தோட ஒட்டிப் போட்டிருக்கறதால மொசலுக்குக் காது மட்டுந்தான் தெரியும். ஆடிட்டுன்னு போன் வந்துச்சுன்னா போதும், அயர்ன் மாஸ்டருக டேபிளத் தூக்கி மொட்டை மாடீல போட்டுத் தார்ப்பாய இழுத்து மூடிருவாங்க. நானு பீரோவத் தொறந்து பாயி, தொட்டிலு, பொம்மையெல்லாம் எறக்குவேன். நீலக்கரை போட்ட வெள்ளைச் சீலை ஒண்ணு அதுக்குன்னே இருக்குது, அதக் கட்டிக்குவேன். அப்பப் பாக்கோணும் நீங்க, கண்ணுபடற மாதிரி இருக்கும்.

சிரிக்காதீங்க. சாமி தேரு தெனமுமா ஓடுது? நோம்பிக்குத்தான் ஓடுது. அதுக்காவ அந்தூருல தேரே இல்லைன்னு சொல்லுவீங்களா?

புள்ளைகளுக்கென்ன, கம்பெனிக்குப் பொறத்தால லைன் வீடுகள்ல கெடக்குதுங்க. எல்லாம் எங்க பொம்பளைகளோட புள்ளைகதான், அதுல பொய்யில்ல. மொத நாளே சொல்லிருவோம், தலைக்கு ஊத்தி, பவுடரு போட்டுக் கூட்டியாங்கன்னு. நானு ஒரே பாடந்தான் சொல்லிக் குடுப்பேன். யாரு கேட்டாலும் தெனமும் வர்றோம்னு தலையாட்டோணும், என்னைய ஆயான்னு கூப்புடோணும். அவ்வளவுதான். பாலும் பிஸ்கோத்தும் உண்டு. புள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். பொழுதோட அனுப்பறப்ப ஒவ்வொண்ணும் என்ற சீலையப் புடிச்சுக்கிட்டுப் போகமாட்டேன்னு அழுவும். எனக்குப் புள்ளையில்லீங்க. சொல்றதுக்கென்ன, ஆடிட்டு நாளுன்னா எனக்கு நெம்பப் புடிக்கும்.

குண்டடம் வந்திருச்சு. இந்தம்மா எறங்கறாங்க, நீங்க உக்காருங்க. புள்ள என்ற மடியிலயே இருக்கட்டும், எழுப்பாதீங்க, பாவம். நீங்க எது வரைக்கும், திருப்பூருங்களா? ஊட்டுக்காரரு அங்க சாயப்பட்டறைல இருக்கறாருங்களா? செரி, செரி. நீங்களும் பனியன் கம்பெனிக்குப் போலாம்னு ரோசனையா? போங்க. உக்காந்து சாப்புட்டா மலையும் கரையும்.

எங்க உட்டேன்? ஆங், நதியாகிட்ட இன்னும் வரவேயில்லியே. அவளத்தான் இன்னிக்கு மூலனூரு போயிப் பாத்துட்டு வர்றேன். அவ எனக்குச் செஞ்சதக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நாயத்தச் சொல்லுங்க.

நதியா எங்க கம்பெனிக்குக் கைமடிக்க வந்தவ. டெய்லருக்குப் பக்கத்துல நின்னு துணிய எடுத்துக் குடுக்கறது, பிசிறு வெட்டறது, அந்த வேலை. புருசன் லாரிக்குப் போனவன், போனவன் போனவன்தான். ஒரே பொண்ணு, சஷ்மிதா. நாலு வயசு முடியல. கருப்பா, துறுதுறுன்னு இருக்கும். மொட்டை போட்டு மொளச்ச முடி, சீப்புக்கு நிக்காது. இவ வேலைக்குச் சேந்த வாரமே ஆடிட்டு வந்துச்சு. புள்ளைய உட வந்தவ, ரூமைப் பாத்துட்டு அழுதுட்டா. "அக்கா, இப்படியொரு எடம் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பனே"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு அப்ப நானு சொல்லல. ஆளுக வர்ற நேரத்துல எதுக்குப் பேச்சுன்னு உட்டுட்டேன்.

அன்னிக்கு வந்தது வெறும் ஆடிட்டரு இல்லீங்க, துணி வாங்கற கடைக்காரம்மாவே வந்துட்டாங்க. வெள்ளக்காரம்மா, நல்ல வயசு. வந்தவங்க தரையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. இந்த சஷ்மிதா என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? சொப்புச் சாமான்ல சோறாக்கி, கொழம்பூத்திப் பெசஞ்சு, ஊதி ஊதி அந்தம்மா வாயில ஊட்டிருச்சு. வெறுங்கைதான், சோறேது? அந்தம்மா மென்னு முழுங்கறாங்க. கண்ணுல தண்ணி. ஒடனே போட்டோ புடிச்சாங்க. அந்தப் போட்டோ இப்ப எங்க ஆபீசு வாசல்ல இத்தாச்சோடு பெருசா மாட்டியிருக்குது. அவங்க கடைகள்லயும் மாட்டியிருக்கறாங்களாம். ஆர்டரு ரெட்டிப்பாச்சுங்க. மொதலாளி எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்தாரு.

அந்தம்மா வந்துட்டுப் போன அடுத்த நாள் வெடியால செக்கிங்குல நிக்கறேன், வாட்ச்மேன் வந்து கூப்புடறாரு. போயிப் பாத்தா கேட்டுல நதியா. இடுப்புல புள்ள. பொட்டு வெச்சு, பூ வெச்சு, பையில ஒரு டிபன் பாக்ஸு. "காப்பகம் தொறந்தாச்சுங்களாக்கா?"ங்கறா. எனக்குச் சிரிப்பத் தாங்க முடியல. பாவமாவும் இருந்துச்சு. இப்படியும் ஒரு வெகுளி இருப்பாளா? மத்தவளுக எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாளுக. புள்ள என்ற மூஞ்சியவே பாக்குது. என்னத்தச் சொல்றது? "இன்னிக்கு லீவு சாமி"ன்னேன்.

அன்னில இருந்து எங்க பாத்தாலும் அதே கேள்விதான். "ஆயா, இன்னிக்கும் லீவா?" ஆமாங் கண்ணு, லீவுதான். அதுவும் செரின்னு போயிரும். புள்ளைக நம்பறதுக்கு நேரமா காலமா?

நதியாவுக்காவ நானு மேனேஜருகிட்டக் கேட்டனுங்க. கேக்காம இல்ல. சிவசண்முகம்னு பேரு, நல்ல மனுசன்தான். "தெனமும் தொறந்தா அயர்ன் டேபிள உங்க தலையிலயா வெக்கறது?"ன்னு சிரிச்சாரு. நாயந்தான, எடம் வேணுமில்ல. அப்பறம் நாந்தான் நதியாவுக்கு ரோசனை சொன்னேன். புள்ளைய ஊட்டுக்குள்ள உட்டு டிவியப் போட்டுட்டு, வெளிய தாப்பாளப் போட்டுட்டு வா, டீ டயத்துல ஒருக்கா ஓடிப் போயிப் பாத்துட்டு வந்துரு, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்கன்னு. அதுல என்னங்க தப்பு?

ஒரு நாளு லைன் வீட்டுல தண்ணி வந்திருக்குது. பக்கத்தூட்டுக்காரி, நதியாவுக்கும் ஒரு கொடம் புடிச்சு வெப்போம்னு தாப்பாளத் தொறந்து கொடத்த எடுத்திருக்கறா. நல்லது செய்யப் போனவதான். திருப்பித் தாப்பாப் போட மறந்துட்டா. கம்பெனீல அப்பத் துணி லோடு எறங்குது, பொறத்தாலக் கேட்டு தொறந்து கெடக்குது. புள்ள நொழஞ்சு, படியேறி, நேரா மாடிக்குப் போயிருச்சு. வழிதான் தெரியுமே. அயர்ன் மாஸ்டருக டீக்குப் போயிட்டாங்க. பொம்மை பீரோவுக்கு முன்னால டேபிளு, டேபிள் மேல அயர்ன் பாக்ஸு, சூட்டோட. பொம்மை எடுக்கோணும்னு டேபிள்ல ஏறப் பாத்திருக்குது. ஏறறதுக்கு ஒயரப் புடிச்சு இழுத்திருக்குது.

வேண்டாங்க. தூங்கற புள்ளைய மடீல வெச்சுக்கிட்டு அதுக்கு மேல சொல்லக்கூடாது. சோத்தாங்கை, முழங்கைல இருந்து வெரலு வரைக்கும்.

கம்பெனி காருலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனோம். மொதலாளி காருங்க, ஆரு குடுப்பா? நாந்தான் மடீல வெச்சிருந்தேன். டாக்டரு எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நதியா வாயத் தொறக்கறதுக்குள்ள நானு சொல்லிட்டேன், ஊட்டுல அயர்ன் பாக்ஸு உளுந்திருச்சுங்கன்னு. மேனேஜரு காருல வர்றப்பவே சொல்லித்தான் கூட்டியாந்தாரு. வேற என்னன்னு சொல்றது? கம்பெனீல நடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஆர்டரு போயிரும். நானூறு ஊட்டுல அடுப்பெரியாது. ஒரு புள்ளைக்காவ நானூறு ஊட்டக் கெடுக்கறதா? நதியா என்னையப் பாத்தா. ஏதாச்சும் பேசியிருந்தாலும் நானு பதிலு சொல்லியிருப்பேன்.

அதுக்கப்பறம் நடந்ததுதானுங்க எனக்கு இன்னிக்கும் மனசாறல. புள்ளைக்குக் கட்டுப் போட்டு, நதியாவையும் கூட்டிட்டுக் கம்பெனிக்குத் திரும்பி வர்றோம். அத்தனை டெய்லரு, அத்தனை மாஸ்டரு நிக்கறாங்க. அவங்க முன்னாடி மேனேஜரு என்னையப் பாத்துக் கேக்கறாரு: "ஏனுங்க ஆயா, நீங்க எங்க போயிருந்தீங்க?"

எங்க போயிருந்தேனா? செக்கிங்குல இருந்தேன்! அன்னிக்கு நானு ஆயாவே இல்லீங்களே! கார்டு அவருகிட்ட இருக்குது, சீலை பீரோல இருக்குது, ரூமுல அயர்ன் ஓடுது, ஆயா எங்கிருந்து வருவா? கார்டு குடுத்தா ஆயா, குடுக்காட்டி செக்கிங். அதுதான பேச்சு? ஊருக்கு எளச்சவன் புள்ளையாரு கோயிலு ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க. அன்னிக்கு ஒருத்தராச்சும், துளசக்கா கீழதான இருந்துச்சுன்னு சொன்னாங்களா? இல்ல. நதியாவும் சொல்லல. அந்த வாரமே புள்ளையத் தூக்கிட்டு, என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, மூலனூருக்குப் போயிட்டா.

போறா, உடுன்னு இருந்தேன். இப்ப அந்த வெள்ளக்காரம்மா மறுக்கா வர்றாங்க, இந்தச் செவ்வாக்கெழமை. வர்றவங்க சும்மா வரக்கூடாதா? எனக்குச் சோறூட்டுன புள்ளையப் பாக்கோணும், அதுக்கு ஒரு பொம்மை வாங்கி வெச்சிருக்கறேன்னு சொல்லி அனுப்பியிருக்கறாங்க. ஆபீசே ஆடிப் போச்சுங்க. மேனேஜரு என்னையக் கூப்புட்டு, சேருல உக்கார வெச்சு, காப்பி வரவழைச்சுக் குடுத்தாரு. "ஆயா, இது உங்க பொறுப்பு. புள்ளையோட வந்தீங்கன்னா காப்பகத்தத் தெனமும் நடத்தலாமான்னு மொதலாளிகிட்டப் பேசறேன். வர்லீன்னா, செக்கிங்குலயே ஆளு எச்சா இருக்குதுங்கறாங்க"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. பாதிக் காப்பிய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

சேம்பிள் டெய்லர உட்டு ஒரு கவுனு தெக்கச் சொன்னாங்க. ரோசாப்பூக் கலரு, முழுக்கை வெச்சு, வெரலு வரைக்கும் மூடற மாதிரி. நாந்தான் பக்கத்துல நின்னு அளவு சொன்னேன். எத்தனை தடவை தூக்கியிருக்கறேன், எனக்குத் தெரியாத அளவா?

இன்னிக்கு வெடியால போயி எறங்குனேன். முருங்கக்காய் மண்டீல இருக்கறா நதியா, காயத் தரம் பிரிச்சுக் கட்டுக் கட்டறா. பக்கத்துலயே சாக்கு மேல புள்ள, ஒடிஞ்ச காய அடுக்கி வெளையாடிட்டு இருக்குது. எல்லாம் இடது கைல. என்னையப் பாத்ததும் ஓடியாந்து காலக் கட்டிக்கிச்சு. "ஆயா, லீவு முடிஞ்சுருச்சா?"ன்னு கேக்குது.

தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேனுங்க.

செரி, புள்ளையே வர்றேங்குது, இனியென்னன்னு கவுனப் போட்டு உட்டேன். கை துளி தெரியல. புள்ள சுத்திச் சுத்தி ஆடுது. நதியா நிமிந்தே பாக்கல. "ஒரே நாளு நதியா. காருல கூட்டிட்டுப் போயி காருலயே கொண்டாந்து உட்டுருவாங்க. நாந்தான் கூடவே இருப்பேனே"ன்னேன். அவ எந்திரிச்சு வந்தா. புள்ளைய நிக்க வெச்சு, கை நோவாம, மெதுவா அந்தக் கவுனக் கழட்டுனா. மடிச்சு என்ற பையில வெச்சா.

"அக்கா, அன்னிக்கு அவ பொம்மைக்காவ ஏறல"ங்கறா. "ஆடிட்டு அன்னிக்கு நீங்க பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சு வெளையாட்டுக் காட்டுனீங்களாமே. மாடிக்குப் போயி ஆயா, ஆயான்னு கூப்புட்டிருக்கறா. நீங்க வல்லீன்னதும், ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறீங்கன்னு நெனச்சுட்டா. உங்களத் தேடித்தானுங்க்கா ஏறியிருக்கறா."

மிஷினு ஓடற ஓட்டத்துல, ரேடியோ பாடற பாட்டுல, கீழ இருக்கறவளுக்கு எப்படி நதியா கேக்கும்னேன். "கேக்காதுங்க்கா, தெரியும்"ங்கறா. கோவமே இல்ல. நாலு வார்த்தை வஞ்சிருந்தாலும் நானும் வஞ்சுட்டு வந்திருப்பேன். "அந்த ரூமைத் தெனமும் தொறங்க. ஒரு மாசம் தொறந்திருக்குதுன்னு தெரிஞ்சா நானே இவளக் கூட்டியாறேன். அந்தம்மாகிட்ட இந்தக் கையையும் காட்டறேன்"ங்கறா.

பாத்தீங்களா, எத்தனை திமுரு! தொறக்கறது என்ற கையிலயா இருக்குது? மேனேஜரக் கேட்டா மொதலாளியக் கை காட்டறாரு. மொதலாளியக் கேட்டா, துணிக்கு வெலைய ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க, பத்து ரூமு கட்டறேங்கறாரு. அந்தம்மா கண்ணுல தண்ணி உட்டாங்களே தவிர வெலைய ஏத்தல. அவங்களுக்கு மேல யாரு இருக்கறாங்களோ, எனக்கெப்படித் தெரியும்? ஒருத்தரு தலையில ஒருத்தரு எறக்கி வெச்சு, கடைசீல எல்லாம் வந்து உக்கார்றது இந்தத் துளசிமணி தலையில. இவளும் என்னையவே கேக்கறா.

ஆயா, ஆயான்னு கூப்புட்டுச்சாம். மூலனூருல பஸ் ஏறுனதுல இருந்து அதேதானுங்க காதுல. ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிப் பாத்தேன், போகல. பக்கத்துல யாருகிட்டயாச்சும் பேசுனாத் தேவலைன்னுதான் உங்க புள்ளைய வாங்குனேன்.

செவ்வாக்கெழமைக்கு நடுவுல ஒரே நாளு இருக்குது. வெறுங்கையோட போயி நின்னா என்ற கதி என்னாகும்? இந்த வயசுல எந்தக் கம்பெனீல என்னையச் சேத்துக்குவாங்க? கண்ணு வேற முன்ன மாதிரி தெரியறதில்ல. கறை எது, நெழலு எதுன்னு தடுமாறுது. ஆயாவா இருந்தாப் பொழைச்சுக்குவேன். அதுக்குக் கண்ணு எதுக்கு, மடி இருந்தாப் போதும்.

அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புள்ளைக்கும் மூணரை, நாலு இருக்குமுங்களா? இருக்கும், கனத்தப் பாத்தாலே தெரியுது. செவ்வாக்கெழமை ஒரே ஒரு நாளுங்க. வெடியாலக் குடுத்தீங்கன்னா பொழுதோட உங்க கையில. உங்களுக்கும் அன்னிக்கே வேலை வாங்கித் தர்றேன், மேனேஜரு தட்டமாட்டாரு. வெள்ளக்காரம்மாவுக்கு நம்ம புள்ளைக எல்லாம் ஒரே சாடைதான், அவங்களுக்கென்ன தெரியப் போகுது? சஷ்மிதான்னு கூப்புட்டாத் திரும்பிப் பாக்கோணும், அத நானு ஒரு நாள்ல பழக்கிருவேன். கவுனு பையில இருக்குது, அளவும் செரியாத்தான் இருக்கும். முழுக்கையக் கூட வெட்டி அரைக்கை ஆக்கிரலாம். இந்தக் கைல மறைக்கறதுக்கு என்ன இருக்குது? பாருங்க, சோத்தாங்கை எப்படி மொழுமொழுன்னு இருக்குது பாருங்க.

ஏனுங்க? ஏன் இப்படி இழுக்கறீங்க? தூங்கற புள்ளைங்க, மெதுவா. அழுவுது பாருங்க. நானு என்ன இப்பவேவா கேட்டேன்? அம்மிணி, பையை உட்டுட்டுப் போறீங்க. கண்டக்டரு, சித்தெ நிறுத்துங்க, அந்தம்மா ஓடற பஸ்ஸுல எறங்கப் போறாங்க. அம்மிணி, இது கொடுவாயிங்க! திருப்பூரு இன்னும் வல்லீங்க!